கதைக்கு உபயகாரர் தேவை

நேற்றுக் காலை ஆயர் ஈத்தாம் மார்க்கெட்டில் கீரை வாங்கிக்கொண்டிருந்தபோது, கோயில்காரர் ஒருவர் திருவிழா நோட்டீஸைக் கையில் திணித்துவிட்டுப் போனார். மஞ்சள் தாள், மை வாசம் இன்னும் போகவில்லை. முதல் நாள் உபயம் இன்னார் குடும்பத்தினர், இரண்டாம் நாள் உபயம் இன்னார் என்று வரிசையாகப் போட்டிருந்தார்கள். எனக்குத் திருவிழா நோட்டீஸில் சாமி படத்தைவிட இந்தப் பட்டியல்தான் பிடிக்கும். போன வருஷம் தேர் நாளைப் பிடித்து வைத்திருந்தவர் இந்த வருஷம் ஏன் மூன்றாம் நாளுக்கு இறங்கினார் என்று யோசித்தால் ஒரு நாவலே கிடைக்கும். அதைப் படித்துத் தனியாகச் சிரித்துக்கொண்டு நின்றதில், கீரை விற்கும் சீன அக்கா மீதிக் காசை நீட்டியபடி காத்திருந்ததைக் கவனிக்கவில்லை.

சிரித்ததற்குக் காரணம் உண்டு. நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருக்கும் இந்த இணைய இதழும் ஒரு காலத்தில் உபயத்தில்தான் ஓடியது.

அப்போது நாங்கள் மூன்று பேர். கதிரேசன் கடலுக்கு அந்தப் பக்கத்துப் புக்கிட் மெர்தாஜாம்காரன், இங்கே எங்கள் தீவில் ஒரு கடையில் கணினி பழுது பார்ப்பவன். தளத்தைக் கட்டியது அவன். மங்கை அக்கா மருத்துவமனைத் தாதி. எங்களில் உண்மையாகவே கதை எழுதத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். நான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் பில் எழுதும் கிராணி. எழுத்துப் பிழை பார்ப்பேன், கதை அனுப்பியவர்களுக்கு வருத்தம் தெரிவித்துக் கடிதம் எழுதுவேன், மற்ற நேரங்களில் ஆசிரியர் என்று சொல்லிக்கொள்வேன். சம்பளம் யாருக்கும் கிடையாது. இன்றைக்கும் கிடையாது.

கூட்டம் போட இடமில்லை. காப்பிக் கடையில் உட்கார்ந்தால் எதையாவது குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் சாயங்கால ஃபெரியில் கூடினோம். கீழே கார், லாரி என்று காடிகள் நிற்கும், மேலே காற்றாட உட்காரலாம் என்றிருந்த பழைய ஃபெரி. தீவிலிருந்து எதிர்க்கரைப் பட்டர்வொர்த் போகக் காசு இல்லை, திரும்பி வரத்தான் காசு. போகும்போது கதைகளைத் தேர்ந்தெடுப்போம், வரும்போது டிக்கெட்டை யார் எடுப்பது என்று விவாதிப்போம். இரண்டாவது விவாதத்தில்தான் சூடு அதிகம். நல்ல கதை வந்தால் மங்கை அக்கா எஞ்சின் சத்தத்தையும் மீறி வாசிப்பார். ஒருநாள் பக்கத்தில் கேட்டுக்கொண்டு வந்தவர், பட்டர்வொர்த்தில் இறங்கியும் கதை முடியவில்லை என்று காசு கொடுத்து எங்களோடு திரும்பவும் ஏறினார். எங்கள் முதல் சந்தாதாரர் அவர்தான் என்று கதிரேசன் சொல்வான்.

தளத்துக்கு வாடகை என்று ஒன்று உண்டு. முதல் வருஷம் அதைக் கதிரேசன் சத்தமில்லாமல் கட்டிவிட்டான். இரண்டாம் வருஷம் அவனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. வந்தவள் கணக்குக் கேட்கிற பெண். வேறு வழியில்லாமல் வாசகர்களிடம் உதவி கேட்டு ஓர் அறிவிப்புப் போட்டோம். வந்து குவிந்தது. 'வாழ்த்துகள்' வந்தது, 'தொடரட்டும் தமிழ்ப்பணி' வந்தது. ஒருவர் எழுத்துருவை மாற்றச் சொன்னார். இன்னொருவர் பணத்துக்குப் பதிலாகத் தன்னுடைய கதைகளைக் கட்டாக அனுப்பினார்.

"சும்மா கேட்டா நம்மாளுங்க குடுக்க மாட்டாங்க லா," என்றான் கதிரேசன். "கோயிலுக்கு எப்படிக் குடுக்கறாங்க? உபயம்னு வச்சுப் பாருங்கக்கா."

அடுத்த மாதம் ஒவ்வொரு கதைக்கும் கீழே 'இக்கதை உபயம்: இன்னார் குடும்பத்தினர்' என்று போட்டோம். பணம் வந்தது. அதுவரை ஒரு கதைகூடப் படிக்காதவர்களெல்லாம் கொடுத்தார்கள். தன் பெயர் கீழே இருக்கிறதா என்று பார்க்க வந்தவர்கள், மேலே என்ன இருக்கிறது என்றும் பார்த்துவிட்டார்கள். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

கோயிலில் உபயகாரருக்கு உரிமைகள் உண்டு. அவர் நாளில் அவர் குடும்பம் முன்னால் நிற்கும், மாலை விழும், அன்றைக்கு எந்தக் குறையும் இருக்கக் கூடாது. கதையிலும் அதே உரிமையைக் கேட்டார்கள். டயர் கடைக்காரர் தன் கதையில் விபத்து கூடாது என்றார். நகைக்கடைக்காரர், அந்தப் பெண் சங்கிலியை அடகு வைக்காமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். மகள் பரீட்சைக்காக உபயம் கொடுத்த ஓர் அம்மா, கதையில் தோற்றுப்போகும் மாணவிக்குப் பரிந்துகொண்டு, "கொஞ்சம் மார்க்கு போட்டு விடேன் தங்கச்சி, பாவம்," என்று போனில் கெஞ்சினார். நான் போட்டுவிட்டேன். எழுதியவரைச் சமாதானப்படுத்துவதும் ஆசிரியர் வேலைதானே. இப்படியே போய், சில மாதங்களுக்கு எங்கள் இதழில் ஒருவருக்குக் காய்ச்சல்கூட வரவில்லை. மங்கை அக்கா தன் வார்டில் வேலை செய்வதைவிட நம் இதழில் வேலை சுலபம், நோயாளியே இல்லை என்றார்.

சொன்னவர்தான் அடுத்த மாதம் அந்தக் கதையை எழுதிக்கொண்டு வந்தார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், அறுபது வயது. காலையில் மார்க்கெட்டுக்குப் போய் மீன் வாங்கி வருகிறார், மனைவி குழம்பு வைக்கிறாள், குழம்பு கொதிக்கும்போது நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விடுகிறார். துக்கத்துக்கு வருகிறவர்கள் பசியோடு இருப்பார்களே என்று அவள் அடுப்பை அணைக்காமல் நிற்கிறாள். அவ்வளவுதான் கதை. ஃபெரியில் வாசித்து முடித்துத் தாள்களை மடித்தார்.

அப்போதுதான் கதிரேசன் அந்தச் செய்தியைச் சொன்னான். கதைகளைப் படிக்காமலேயே வரிசைப்படி அவன் உபயம் ஒதுக்கிவிட்டான். இந்தக் கதை, ஆயர் ஈத்தாமில் கல்யாணங்களுக்குச் சமைத்துக் கொடுக்கும் முனியாண்டி அண்ணனுக்கு. அவர் உபயம் ஏற்றதோ தன் அறுபதாம் கல்யாணத்தை முன்னிட்டு. மற்றக் கதைகளுக்கெல்லாம் ஆள் ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் அவர் பணம் வராவிட்டால் வாடகைப் பாக்கிக்காகத் தளத்தை மூடிவிடுவார்கள், அதுவரை வந்த கதைகள் அத்தனையும் போய்விடும்.

"அவர சாகடிக்காம விட முடியாதாக்கா?" என்று மெல்லக் கேட்டேன்.

"அவரு செத்தாத்தான் இது கதை," என்றார் மங்கை அக்கா. "சாகலன்னா மீன் கொழம்பு வைக்கிற முறை."

சொல்லாமல் போடுவது நியாயமில்லை என்று அவரே என்னைக் கூட்டிக்கொண்டு முனியாண்டி அண்ணன் வீட்டுக்குப் புறப்பட்டார். பின்கட்டில் பெரிய அடுப்பில் கேசரி கிண்டிக்கொண்டிருந்தார் அவர். கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டுத் தாள்களை வாங்கி, உதடு அசைய நின்றபடியே படித்தார். முடித்ததும் தோள் துண்டால் கண்ணைத் துடைத்து, "வெங்காயம்," என்றார். கேசரிக்கு ஏது வெங்காயம் என்று நான் கேட்கவில்லை.

"அறுபது வயசு ஆள சாவடிச்சிருக்கீங்க மிஸ்ஸி," என்றார். இங்கே தாதிகளை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"வேணும்னா வயச மாத்திடறேண்ணே."

"வயசு கெடக்குது லா. இந்தாளு காலையிலேருந்து ஒண்ணுமே சாப்பிடல. வெறும் வயித்தோட மார்க்கெட்டுக்குப் போறான், வர்றான், போயிடறான்."

"அதுதாண்ணே கதை."

"நான் சோறு போட்டுப் பொழைக்கிறவன். என் பேரப் போட்டு ஒருத்தன் பசியோட போகக் கூடாது. சாகட்டும், நான் வேணாங்கல. சாப்பிட்டுட்டு சாகட்டும்."

"கொழம்பு சாப்பிட்டா கதையே போச்சுண்ணே."

"சரி, கொழம்பு வேணாம். மார்க்கெட்டுல ரெண்டு தோசை?"

"ஒரு டீ குடிக்கட்டும்."

"டீயா? எதிரிக்கும் டீ குடுப்போம் மிஸ்ஸி. ஒரு வடையாவது போடுங்க."

மங்கை அக்கா தாள்களைத் திருப்பி வாங்கி அந்த மார்க்கெட் பத்தியைப் பார்த்தார். எனக்காக ஒரு கால்புள்ளியைக்கூட மாற்றாதவர் அவர். நான் கேசரியைக் கிண்டிக்கொண்டே வெள்ளிக்கிழமையை நினைத்துக்கொண்டிருந்தேன்.

"டீ, ஒரு வடை," என்றார் கடைசியில்.

"ரெண்டு வடை."

"ஒண்ணுதாண்ணே."

அந்த வியாபாரம் படிந்தது. பணம் வந்தது, தளம் பிழைத்தது. மார்க்கெட்டில் நின்றபடி அவர் வடையைப் பிட்டுத் தின்னும் அந்த ஒரு வரியைப் பற்றித்தான் வாசகர்கள் அதிகம் எழுதினார்கள். அந்த வரியால்தான் கதை கெட்டது என்று மங்கை அக்கா இன்றுவரை சொல்கிறார். நான் இரண்டு பக்கமும் தலையாட்டுவேன்.

முனியாண்டி அண்ணன் அத்தோடு விடவில்லை. அடுத்த மாதம் போன் செய்தார். "அந்தம்மா எப்படி இருக்கு தங்கச்சி? பெரிய பையன் வந்து கூட்டிட்டுப் போனானா?"

"எந்தம்மா?"

"கொழம்பு வச்ச அம்மா."

"அண்ணே, அது கதைண்ணே."

"கதைதான் லா. எப்படி இருக்குன்னுதானே கேக்கறேன்?"

மாதம் தவறாமல் கேட்டார், வருஷம் தவறாமல் உபயமும் கொடுத்தார். கொஞ்ச நாளில் நானும் பதில் சொல்லப் பழகிவிட்டேன். நல்லா இருக்காங்க, பல்லுதான் கொஞ்சம் வலிக்குதாம் என்றேன் ஒருமுறை. மங்கை அக்காவுக்குத் தெரிந்து சண்டைக்கே வந்துவிட்டார். "பல் வலின்னு யாரு சொன்னா உனக்கு? அவங்களுக்குப் பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு." இன்னொரு முறை கல்யாணச் சாப்பாடு மிஞ்சியிருக்கிறது, தாப்பாவ் பண்ணித் தரவா என்று முனியாண்டி அண்ணன் கேட்டார். பொட்டலம் எனக்கா அந்தம்மாவுக்கா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அவர் போய்ச் சில வருஷங்களாகின்றன. செய்தி கேட்டு நான் தேம்பி அழுததைப் பார்த்து வீட்டில், அவர் நமக்கு என்ன முறை என்று கேட்டார்கள். உபயகாரர் என்றேன். பழைய ஃபெரியும் போய்விட்டது. இப்போது ஓடும் படகில் குளிரூட்டி இருக்கிறது, வேகமும் அதிகம், ஒரு பக்கம் வாசிப்பதற்குள் கரை வந்துவிடுகிறது. நாங்களும் போனிலேயே கூட்டம் போட்டுக்கொள்கிறோம்.

இந்த மாதக் கடைசியில் மறுபடியும் வாடகை கட்ட வேண்டும், கையில் இருப்பது போதாது. கேட்க வந்தது இதைத்தான், சுற்றி வளைத்துவிட்டேன். பக்கத்தின் அடியில் ஒரு QR கட்டம் இருக்கிறது, போனைக் காட்டினால் போதும், ஐந்து வெள்ளியோ பத்து வெள்ளியோ எங்களுக்கு வந்துவிடும். பெயர் வேண்டாம், நிபந்தனை வேண்டாம். கொடுக்கிற சிலர் இப்போதும் அப்படித்தான் கொடுக்கிறார்கள், அவர்களுக்கு நன்றி. ஆசிரியராக எனக்கு ஒரு தொல்லையும் இல்லை. போன மாதக் கதையில் நம் எழுத்தாளர் ஒருவர் நான்கு பேர் கொண்ட குடும்பத்தையே ஒரே பத்தியில் கொன்றுவிட்டார். ஒருவர்கூடக் கூப்பிட்டு, ஏன் என்று கேட்கவில்லை.