கேமராவுக்கு வைத்த பொட்டு

நான் ஆறாம் வகுப்பு படித்த காலத்தில் எங்கள் வீட்டில் ஒரு பொருள் கெட்டுப்போனால் அதற்கு இரண்டே காரணங்கள்தான் உண்டு. ஒன்று கரண்டு. இன்னொன்று மாமா. கரண்டைத் திட்டினால் அது காதில் வாங்கிக்கொள்ளாது என்பதால், பெரும்பாலும் மாமாவே திட்டு வாங்குவார்.

மாமா என்றால் அம்மாவுக்கு ஒரே தம்பி. எறையூர்க்காரர், பெரம்பலூரில் ஹாஸ்டலில் தங்கி இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தார். வாரக் கடைசியில் பஸ் ஏறி அரியலூரில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். வரும்போது ஒரு பை நிறைய அழுக்குத் துணியும் புதிதாக ஒரு கொள்கையும் கொண்டுவருவார். துணியை அம்மா துவைத்துக் கொடுத்துவிடுவாள். கொள்கையை என்ன செய்வதென்றுதான் எங்களுக்குத் தெரியாது. ஒரு மாதம் சர்க்கரை இல்லாத காபி, ஒரு மாதம் செருப்பில்லாத நடை. அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முன்னால் அவர் கொண்டுவந்தது லினக்ஸ்.

எங்கள் கம்ப்யூட்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது விளையாடுவதற்காக வாங்கியதில்லை. அப்பா சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தார். அவர் கிளம்பிப் போய் மூன்று மாதம் கழித்துத்தான் என் தம்பி பிறந்தான். பெற்ற பிள்ளையை அப்பா பார்த்ததெல்லாம் அந்தக் கம்ப்யூட்டர் வழியாகத்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு வீடியோ கால். நாலு மணிக்கே அம்மா முகம் கழுவிப் புடவை மாற்றிக்கொள்வாள். எனக்கு இரட்டைச் சடை, தம்பிக்குக் கன்னத்தில் மை. அந்தப் பக்கம் அப்பாவும் லேசுப்பட்டவரில்லை. வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, நெற்றியில் திருநீறு, பின்னால் சுவரில் முருகன் காலண்டர். சிரித்த முகமாகவே வருவார், சிரித்த முகமாகவே போவார். சிங்கப்பூரில் எல்லோரும் நாள் முழுக்க அப்படித்தான் இருப்பார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. கல்யாண ஃபோட்டோ வாங்கப் போன பென் டிரைவில் வைரஸ் வந்து ஒட்டிக்கொண்டதாக மாமா கண்டுபிடித்தார். ஆன் செய்தால் நான் குளித்துவிட்டு வரலாம், அப்போதும் அது விழித்திருக்காது. பேச்சு நடுவே அப்பா வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிடுவார்.

மாமா ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்தார். லினக்ஸில் வைரஸ் பிரச்சினை அவ்வளவாக வராதாம். அதை ஒரு ஆள் மட்டும் எழுதவில்லையாம், உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து எழுதி, எப்படி எழுதினோம் என்பதையும் மறைக்காமல் திறந்து வைத்திருக்கிறார்களாம். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், மாற்றலாம், கொடுக்கலாம். காசும் கிடையாது. அம்மாவுக்கு அந்தக் கடைசி விஷயம்தான் பிடிக்கவில்லை. சும்மா கொடுப்பவன் எதற்குக் கொடுக்கிறான் என்று கேட்டாள். பிறகு தனக்கு வேண்டிய ஒரே கேள்வியைக் கேட்டாள்.

"அதுல அவரு மூஞ்சி தெரியுமாடா?"

"இதவிட பளிச்சுனு தெரியும்க்கா. நான் கேரண்டி."

பூஜை லீவுக்கு மாமா முன்கூட்டியே வந்திருந்தார், வெள்ளிக்கிழமை காலையில் வேலை ஆரம்பித்தது. பன்னிரண்டு மணிக்குக் கரண்டு போய்விடும், போனால் இரண்டு மணி நேரம் வராது. அதற்குள் முடித்தாக வேண்டும். ஃபோட்டோக்களையெல்லாம் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு மாமா பழையதைத் துடைத்தார். திரையில் ஒரு கோடு மெதுவாக நீண்டுகொண்டே போனது. அம்மா சமையலை விட்டுவிட்டு வந்து வந்து அந்தக் கோட்டைப் பார்த்தாள். பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது புதுத் திரை வந்தது. மாமா காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். கேமராவைச் சோதித்துப் பார்ப்பதற்குள் கரண்டு போய்விட்டது.

மறுநாள் ஆயுத பூஜை. வீட்டில் உள்ள சாமான்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைக்கிற வேலை வழக்கமாக என்னுடையது. கிரைண்டர், மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, அப்பா விட்டுப்போன டிவிஎஸ், அரிவாள்மனை என்று ஒன்றையும் நான் விடமாட்டேன். கம்ப்யூட்டருக்கு வந்தபோது மானிட்டரின் நாலு மூலையிலும் வைத்தேன். மனம் நிறையவில்லை. மானிட்டரின் உச்சியில் கேமரா உட்கார்ந்திருந்தது. உருண்டையான தலை, நடுவே வட்டமாக ஒரு கண்ணாடி. பொட்டு வைப்பதற்கென்றே செய்து வைத்த இடம் அது. சந்தனத்தைக் குழைத்து அந்த வட்டத்துக்குள் பிசிறில்லாமல் அப்பி, மேலே குங்குமம் வைத்தேன். எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா! பூஜையில் வைத்த பொட்டை யாரும் அழிக்க மாட்டார்கள். அதுவாக உதிர்ந்தால் உண்டு. வீட்டில் எல்லாச் சாமானிலும் பொட்டு இருந்ததால் இது யார் கண்ணையும் உறுத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு அப்பா வந்தார். சும்மா சொல்லக் கூடாது, மாமா சொன்ன மாதிரியே பளிச்சென்றுதான் வந்தார். ஆனால் எங்களைக் காட்ட வேண்டிய சின்னக் கட்டத்தில் நாங்கள் இல்லை. செம்மண் நிறத்தில் ஒரு இருட்டுதான் இருந்தது. அப்பா ஒன்றும் தெரியவில்லையே, ஒன்றும் தெரியவில்லையே என்றார்.

மாமாவின் முகம் சுருங்கிவிட்டது. லினக்ஸில் சில கேமராக்கள் இப்படித்தான் நிறம் மாறி வரும் என்று அவர் எங்கோ படித்திருந்தார். கறுப்புத் திரையைத் திறந்து என்னென்னவோ தட்டினார். அரை மணி நேரம் போனதும் அப்பாவிடம், இந்தச் சிஸ்டத்தில் வீடியோ இன்னும் சரிவரவில்லை, கொஞ்ச நாளைக்குப் பேச்சு மட்டும் வைத்துக்கொள்வோம் மச்சான் என்றார். அப்பா அவரைக் கேலியும் கோபமுமாக ஒரு பிடி பிடித்தார். நானும் என் பங்குக்குத் திட்டினேன். தம்பி சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்திருந்த வாரம் அது. அப்பாவுக்கு அதைக் காட்ட முடியவில்லையே என்று எனக்கு ஆத்திரம்.

அடுத்த ஞாயிறும் கேமரா தேறவில்லை. அப்பா பழக்கத்தில் எப்போதும் அமுக்குகிற பொத்தானையே அமுக்கியிருப்பார் போல, அவர் படம் மட்டும் எங்களுக்கு வந்தது. ஆனால் வெள்ளைச் சட்டையில் வரவில்லை. ஒரு பனியன், கழுத்தில் துண்டு. காலண்டர் சுவரும் இல்லை. அடுக்குக் கட்டிலில் கீழ்த்தட்டில் முதுகை வளைத்து உட்கார்ந்திருந்தார். மேல்தட்டில் யாரோ தூங்குகிற கால்கள் தொங்கின. அப்பாவின் இடது கையில் இரண்டு விரல்களைச் சேர்த்துக் கட்டுப் போட்டிருந்தது.

அம்மா எப்படி இருக்கீங்க என்றாள். அப்பா எப்போதும் போலக் கணீரென்று, எனக்கென்ன குறைச்சல், இன்றைக்கு லீவு, நண்பர்களோடு கோழி வாங்கிச் சமைத்தோம் என்றார். சொல்லிக்கொண்டே மடியில் இருந்த ரொட்டியைப் பிய்த்து டீயில் தோய்த்தார். அந்த நேரம் பார்த்துத் தம்பி சுவரை விட்டுவிட்டு மூன்று அடி நடந்து வந்து விழுந்தான். அவன் காலில் கொலுசு போட்டிருந்தது.

"என்ன சத்தம்? நடக்கிறானா?"

நடக்கிறான் என்று நான் கத்தினேன். ஸ்பீக்கரில் அப்பா ஹா ஹா என்று சிரித்தார், அடிடா சக்கை என்றார். திரையில் இருந்த அப்பா துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். மூடிய துண்டுக்குள்ளிருந்துதான் அந்தச் சிரிப்பு வந்தது. துண்டை எடுத்தபோது கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

நான் மாமா பக்கம் திரும்பினேன். குரலும் படமும் தனித்தனியாகத்தான் வந்து சேரும், சில நேரம் ஒன்று முந்தும் ஒன்று பிந்தும் என்று மாமாவே முன்பு எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். அப்பா என்றைக்கோ அழுதது இப்போது வந்து சேருகிறது என்று நினைத்தேன். இதைக்கூடச் சரியாக அனுப்பத் தெரியாத சிஸ்டத்தை யார் இவரைப் போடச் சொன்னது? வாயைத் திறக்கப் போனேன். அம்மா என் தொடையில் கையை வைத்து அழுத்தினாள். அந்த அழுத்தலில் வலித்தது.

அழைப்பு முடிந்த பிறகு அம்மா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"அவருக்கு நாம தெரியல சரி. அவரு நமக்குத் தெரியறாருன்னு அவருக்குத் தெரியுமாடா?"

மாமா விரல் நகத்தைப் பார்த்தார். "தெரியாதுக்கா. வீடியோவே போவலன்னு நெனச்சிக்கிட்டு இருக்காரு" என்றார்.

அந்தச் சமயத்தில் வீட்டில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவின் ஒப்பந்தம் முடியப்போகிறது. இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுவதா, ஊருக்குத் திரும்புவதா என்று அந்த மாதத்துக்குள் சொல்லியாக வேண்டும். மாடியில் ஒரு அறை எடுக்க வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. அதற்காக மொட்டைமாடியில் விட்டிருந்த இரும்புக் கம்பிகள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றன. அங்கேதான் நல்லா இருக்கீங்களே, போட்டுடுங்க என்று அம்மாவே முந்தின மாதம் சொல்லியிருந்தாள். அந்த வாரம் முழுக்க அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டாள்.

மூன்றாவது ஞாயிறு காலையில் மாமா தோல்வியை ஒப்புக்கொள்கிற முகத்தோடு, வேறு கேமராவை மாட்டிப் பார்க்கலாம் என்று பழையதைக் கழற்றினார். கையில் எடுத்துத் திருப்பியவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு நகத்தால் சுரண்டினார். காய்ந்த சந்தனம் செதில் செதிலாக விழுந்தது. சட்டை முனையால் துடைத்துத் திரும்ப மாட்டினார். சின்னக் கட்டத்தில் நான் இரட்டைச் சடையோடு பளிச்சென்று வந்து நின்றேன்.

"அடிப்பாவி! ரெண்டு வாரமா நான் உள்ள தேடிக்கிட்டிருக்கேன். நீ வெளியில வெச்சு அப்பியிருக்க!"

அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. லினக்ஸ் மேல் ஒரு தப்பும் இல்லை, அக்கா வந்து பார், மச்சானுக்கு இப்போதே ஃபோன் போடுகிறேன் என்று துள்ளினார். நான் எங்கே அடி விழுமோ என்று கதவோரம் போய் நின்றுகொண்டேன்.

அம்மா வந்து படத்தைப் பார்த்தாள். என்னைத் திட்டவில்லை. உள்ளே போய்ச் சந்தனக் கிண்ணத்தை எடுத்து வந்தாள். இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு உள்ளங்கையில் குழைத்தாள். நான் வைத்த அதே வட்டத்துக்குள், நான் வைத்ததைவிடக் கனமாக அப்பினாள். குங்குமத்தையும் மறக்கவில்லை.

"இன்னும் ஒரு வாரம் இருக்கட்டும்."

"அக்கா, மச்சான் என்னத்தான் திட்டுவாரு."

"வாங்கிக்க."

பூஜைப் பொட்டு அழிந்தது அம்மாவுக்குப் பொறுக்கவில்லை என்றுதான் நான் புரிந்துகொண்டேன். மாமா அன்றைக்குச் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. அவர் பயந்த மாதிரியே ஐந்து மணிக்கு அப்பா முதல் வேலையாக அவரைத்தான் பிடித்தார். என்ன மாப்ள, உன் ஓசி சிஸ்டம் இன்னும் கண்ணு முழிக்கலியா என்றார். மாமா இல்லை மச்சான், இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார். லினக்ஸைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொன்னால் ஒரு மணி நேரம் சண்டை போடுகிறவர் அவர்.

அன்றைக்கு அப்பா கட்டிலில் சாய்ந்து படுத்துக்கொண்டே பேசினார். விரல் கட்டு இன்னும் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, இங்கே ஜாலியாகப் போகிறது என்றார். அம்மா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. ஏதோ பரீட்சைக்குப் படிக்கிறவள் மாதிரி பார்த்தாள். நாளைக்கு ஆபீஸில் கையெழுத்துக் கேட்கிறார்கள், போட்டுவிடவா என்று அப்பா கேட்டார்.

"போடாதீங்க."

அப்பா கண்ணைத் திறந்தார். "ஏன், என்னாச்சு? மாடி ரூம் எடுக்கணும்னியே? நான் இங்க ராஜா மாதிரி இருக்கேன்."

"ராஜா மாதிரி இருந்தது போதும். வூட்டுக்கு வாங்க."

அப்பா எழுந்து உட்கார்ந்து கட்டுப் போட்ட கையால் தலையைப் பிடித்துக்கொண்டார். தோள் குலுங்கியது. வெகு நேரம் கழித்துக் குரல் மட்டும், அதே கணீர்க் குரல், சரி அப்புறம் உன் இஷ்டம், ஏதோ நீ சொல்கிறாய் என்பதற்காக வருகிறேன் என்றது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினாள். அவள் தலையாட்டியது அவருக்குத் தெரியாதே என்று எனக்குக் கவலை.

அழைப்பு முடிந்ததும் அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டாள். மாமா மவுஸைக் கையில் பிடித்தபடி ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தார். ஒரு வாரமாக அடக்கி வைத்திருந்த ஆத்திரத்தை நான் அவர் மேல் கொட்டினேன். நல்லா இருந்த அப்பாவை இவர் போட்ட சிஸ்டம் இப்படி ஆக்கிவிட்டதே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"பழைய சிஸ்டத்தையே போடு மாமா. அதுல அப்பா சிரிச்சா சிரிச்ச மாதிரியேதான் தெரிவாரு."

மாமா மவுஸைக் கீழே வைத்தார். "ஆமாம்மா, அதுல அப்படித்தான் தெரிவாரு" என்றார்.

மாமாவை வாதத்தில் ஜெயித்தது அதுதான் முதல் தடவை என்று நான் அன்றைக்கு ரொம்பப் பெருமையாகத் தூங்கப் போனேன்.