ஆத்தா பார்த்த இருதயம்

அண்ணனின் இருதயத்தைப் பற்றிய காகிதம் கண்டியிலிருந்து வந்தபோது, அவர் கையில் காப்புக் கட்டியாகிவிட்டது. கொஞ்சம் முந்தி வந்திருக்கக் கூடாதா? இதை நினைக்கும்போதெல்லாம் யார் மேல் என்று தெரியாமல் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீடுகளில் இருந்தோம். எனக்கு ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டுகிற மாடியில் வேலை. அண்ணன் கவ்வாத்துக்காரர். முற்றிய தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்டிக் கழிக்கிற அந்த வேலை முதுகை ஒடித்துவிடும். அந்த வருஷம் கவ்வாத்து மலையில் தலைசுற்றி விழுந்தார். தோட்டத்தில் மருந்து கொடுப்பவரை நாங்கள் டாக்டரையா என்போம். காய்ச்சலுக்கும் வயிற்றுவலிக்கும் ஒரே சிவப்புத் தண்ணீரை ஊற்றுகிற மனுஷன் என்று நானே அவரைக் கேலி பேசியிருக்கிறேன். அன்றைக்கு அவர் அண்ணனின் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு கண்டிக்கு எழுதிக் கொடுத்தார்.

கண்டி ஆஸ்பத்திரியில் கையிலும் காலிலும் நெஞ்சிலும் கம்பி மாட்டி, இருதயம் அடிப்பதைக் கோடாக வரைந்தார்களாம். கூச்சமாக இருந்தது என்று அண்ணன் வந்து சிரித்தார். முடிவைத் தோட்டத்துக்கு அனுப்பி வைப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

அதற்குள் மாரியம்மன் திருவிழா வந்துவிட்டது. எங்கள் தோட்டத்தில் கரகம் தூக்குகிறவர் அண்ணன்தான். காப்புக் கட்டிக்கொண்டவர், திருவிழா முடிந்து காப்பை அவிழ்க்கும்வரை தோட்ட எல்லையைத் தாண்டக் கூடாது. எல்லை என்பது கீழே இருக்கும் ஆற்றுப் பாலம். கண்டிக்குப் போகிற பஸ் பாலத்துக்கு அந்தப் பக்கம்தான் நிற்கும்.

டாக்டரையா காகிதத்தை எடுத்துக்கொண்டு கோயிலடிக்கே வந்தார். கோடு சரியாக இல்லை என்றார். பெரிய கோளாறாகவும் இருக்கலாம், ஒன்றுமில்லாமலும் போகலாம். இருதய டாக்டர் ஆளை நேரில் பார்த்தால்தான் தெரியும். அவர் பார்க்கிற நாளையும் எழுதி அனுப்பியிருந்தார்கள். அது திருவிழாவுக்கு முந்திய வியாழக்கிழமை.

நான் கத்தினேன். பாலத்தில் நின்று ஆள் எண்ணிக்கொண்டிருக்க அம்மனுக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்டேன். பெரியவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். பூசாரி கெட்டவர் இல்லை. அண்ணன் மேல் உயிரையே வைத்திருந்தார். ஆனால் கட்டிய காப்பை நடுவில் அவிழ்க்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்றார். பூண்டுலோயாப் பக்கம் காப்போடு எல்லை தாண்டிய ஒருவனுக்கு வாய் கோணிப்போன கதையையும் சொன்னார். அண்ணன் எல்லோரையும் சமாதானப்படுத்துகிற மாதிரி, அடுத்த மாதம் போய்க்கொள்கிறேன் என்றார். அந்த ஒரு மாதத்துக்கு யார் ஜவாப் என்று டாக்டரையா கேட்டார். அம்மன் என்றார் பூசாரி.

வியாழக்கிழமை வந்தது, போனது. கண்டி பஸ் பாலத்தடியில் நின்று ஹார்ன் அடித்துவிட்டுப் போன சத்தம் ஸ்டோர் மாடிவரை கேட்டது.

திருவிழாவன்று ஆற்றிலிருந்து கோயிலுக்கு, தேயிலைக்குள் செங்குத்தாக ஏறுகிற பாதையில், அண்ணன் தலையில் கரகத்தோடு ஆடிக்கொண்டே ஏறினார். நான் சாமியைப் பார்க்கவில்லை. அவர் முதுகையே பார்த்துக்கொண்டு பின்னால் ஏறினேன். எங்கேயாவது கால் பின்னினால் தாங்கிப் பிடிக்கலாம் என்று இரண்டு கையையும் நீட்டியபடியே போனேன். அவர் நிற்கவே இல்லை. தப்புச் சத்தம் ஏற ஏற அவரும் வேகமாக ஏறினார். கோயில் வாசலில் கரகத்தை இறக்கியபோது எனக்குத்தான் மூச்சு வாங்கியது. அவர் முகத்தில் ஒரு வாட்டமும் இல்லை. எனக்கு அழுகை வந்தது. அவ்வளவு சந்தோஷம்.

டாக்டரையாவும் கூட்டத்தில் நின்றார். அண்ணன் அவரிடம் போய்த் திருநீறு பூசிவிட்டுச் சொன்னார்.

"ஆத்தா பாத்துட்டா ஐயா. இதுக்கு மேல யாரு பாக்கணும்?"

டாக்டரையா கண்ணை மூடிக் கும்பிட்டார். பிறகு, எதற்கும் அடுத்த மாதம் போய்க் காட்டிவிடு என்றார். அவர் குரலில் பழைய உறுதி இல்லை. அவரும் அந்த ஏற்றத்தைப் பார்த்தவர்தானே.

அடுத்த மாதம் போகவில்லை. திருவிழாவுக்கு முன்னால் போவது எல்லை தாண்டுகிற குற்றமாக இருந்தது. திருவிழாவுக்குப் பிறகு போனால் அம்மனையே சந்தேகப்படுகிற குற்றமாகிவிட்டது. இனி கண்டியில் போய் நெஞ்சைக் காட்டினால் அவள் முகத்தில் எப்படி முழிப்பது என்றார் அண்ணன். லயமே தலையாட்டியது. டாக்டரையா சொல்லி அனுப்பிய நாளில் அண்ணன் விடிந்ததும் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்துக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வேலைக்கு ஏறிவிட்டார்.

மழைக்காலத்தில் ஒரு நாள் கவ்வாத்து மலையில் கத்தியைப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். களைப்பாறுகிறார் என்று மற்றவர்கள் நிரையை வெட்டிக்கொண்டு மேலே போய்விட்டார்கள். திரும்பி வந்து தோளைத் தொட்டபோது சாய்ந்தார். கம்பளியில் போட்டுத் தூக்கி வந்தார்கள். நான் ஸ்டோரிலிருந்து ஓடி வந்தபோது உடம்பு சில்லென்று இருந்தது.

கருமாதி முடிவதற்குள் லயத்தில் இன்னொரு பேச்சு கிளம்பியது. கரகத்தோடு அந்த மலை ஏறிய இருதயம் சும்மா நிற்காது, விரதத்தில் எங்கேயோ பிசகு நடந்திருக்கிறது என்றார்கள். காப்புக் கட்டியவர் கோயிலடியில் தனியாகத்தான் படுப்பார். வீட்டுப் பெண்கள் சாப்பாட்டை வைத்துவிட்டு விலகிப் போய்விட வேண்டும், விரல் நுனிகூடப் படக் கூடாது. எல்லோருடைய பார்வையும் அண்ணி மேல் திரும்பியது. தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் பெண்கள் அவரைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள்.

வாயை அடக்கச் சொல்லி நான் லயம் முழுக்கச் சண்டை போட்டேன். உள்ளே வந்து, நீங்கள் எதையும் மனதில் வைக்காதீர்கள் என்று அண்ணியிடம் சொன்னேன். அவர் அடுப்பைப் பார்த்தபடி இருந்தார்.

"அவங்க சொல்றது நெசந்தான் தம்பி," என்றார். "நான் தொட்டேன். அந்த வியாழக்கெழமைக்கு மொத நாளு சோறு வைக்கப் போனப்ப, கண்டிக்குப் போயிட்டு வாங்கன்னு ஒங்க அண்ணன் காலப் புடிச்சுக்கிட்டு அழுதேன்."

அண்ணனுக்கு வந்தது இருதய நோய் என்று எனக்குத் தெரிந்த எல்லா விதத்திலும் சொன்னேன். டாக்டரையாவையும் அழைத்து வந்து சொல்ல வைத்தேன். அண்ணி மறுத்துப் பேசவே இல்லை, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். நாங்கள் முடித்த பிறகு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே, "நான் தொட்டிருக்கக் கூடாது," என்றார்.