கூரியரில் வராத காற்று

தண்ணீருக்கடியில் போகிறவர்கள் கண்ணையும் மூக்கையும் மூடிப் போட்டுக்கொள்கிற கண்ணாடிக்கு மாஸ்க் என்று பெயர். அது முகத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க, பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை இழுக்கவேண்டும். கையை எடுத்தாலும் விழாமல் நின்றால் அளவு சரி. என் கடைக்கு வருகிறவர்கள் நன்றாக இழுத்துப் பார்ப்பார்கள். கழற்றும்போது உள்ளேயே ஊதிவிடுவார்கள். சளி ரப்பரில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை என் மேசைமேல் கவிழ்த்துவிட்டு, அட்டைப்பெட்டியில் இருக்கும் மாடல் பெயரைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். மூன்றாம் நாள் அதே மாஸ்க் அவர்கள் வீட்டு வாசலில் பார்சலாக வந்து இறங்கிவிடும். சளியைத் துடைப்பது நான்.

கடை புதுவாயலில், கல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. ஒரு பக்கம் பஞ்சர் கடை, இன்னொரு பக்கம் இரும்புக் குழாய் கடை. கடல் கண்ணுக்கே தெரியாது. ஸ்கூபா சாமான் விற்கிற கடை இங்கே எதற்கு என்று கேட்காத ஆள் இல்லை. சூலூர்ப்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் வாசலில் அடுக்கியிருந்த சிலிண்டர்களைப் பார்த்துவிட்டு, "இது எத்தினி நாளிக்கி எரியும்மா?" என்று கேட்டார். இதில் வெறும் காற்றுதான் இருக்கிறது என்று சொன்னேன். காற்றைக் காசுக்கு விற்கிறாளே என்று என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

எங்கள் வாடிக்கைக்காரர்கள் எல்லாரும் கூலிக்கு முழுகுகிறவர்கள். தொழிற்சாலைகளில் தீயணைப்புக்காகத் தண்ணீர் நிரப்பி வைத்திருக்கும் பெரிய தொட்டிகளில் இறங்கி, அடியில் படிந்த சேற்றை வாருவார்கள். எண்ணூர்ப் பக்கம் கப்பலின் அடிப்பாகத்தைச் சுரண்டுவார்கள். என் வீட்டுக்காரரும் அந்த வேலையில் இருந்தவர்தான். ஒரு நாள் ஆழத்தில் காதுச் சவ்வு கிழிந்தது. அதன் பிறகு கடையின் பின்பக்கம் உட்கார்ந்து, சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவருகிற ரெகுலேட்டர்களைப் பிரித்துச் சுத்தம் செய்கிறார். முன்பக்கம் வியாபாரமும், காற்று நிரப்பும் கம்ப்ரஷரும் என் பொறுப்பு.

ஆன்லைனில் கொடுக்கிற விலைக்கு என்னால் கொடுக்க முடியாது. நான் வாங்குகிற விலையே அதைவிட அதிகம். விலை குறைவாக இருந்தால் அங்கே வாங்கு, நான் தடுக்கவில்லை. ஆனால் என் கடையைப் போட்டுப் பார்க்கிற அறையாக வைத்துக்கொள்ளாதே. இதை நான் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவேன். வீட்டுக்காரருக்கு அது பிடிக்காது.

"கொஞ்சம் சிரிச்சிக்கினு பேசேன். இன்னா கொறஞ்சிடுவ?"

"நீ வந்து சளிய தொட. நான் சிரிக்கிறேன்."

அவருக்குக் காது கேட்காத பக்கம் எது என்று எனக்குத் தெரியும். சில நேரம் வேண்டுமென்றே அந்தப் பக்கம் நின்றுதான் பேசுவேன்.

ஒரு மே மாதம் உச்சி வெயிலில் ஒரு கான்ட்ராக்டர் ஐந்து ஆட்களோடு வந்தான். தொழிற்பேட்டையில் ஒரு ஃபாக்டரியின் தீயணைப்புத் தொட்டி வேலையை எடுத்திருப்பதாகச் சொன்னான். ஐந்து பேருக்கும் வெட்சூட் பார்க்கவேண்டும். அது உடம்போடு ஒட்டிக்கொள்கிற தடித்த ரப்பர் உடுப்பு. வியர்வை உடம்பில் ஏற்றி இறக்குவதற்குள் உயிர் போய்விடும். இரண்டு மணி நேரம் ஏற்றி இறக்கினார்கள். கடை முழுக்க வியர்வை நாற்றம். ஒரு ஜிப் போயிற்று. கான்ட்ராக்டர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "மேடம், இவனுக்கு டைட்டா கீது. அடுத்த சைஸ் எடுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். நான் எடுத்துக் கொடுக்கக் கொடுக்க, ஒவ்வொரு அளவையும் போனில் தட்டிக்கொண்டிருந்தான். கடைசியில் எழுந்து, "பாத்துட்டு சொல்றேன்" என்றான்.

அந்த ஐவரில் ஒருவன் மட்டும் வெட்சூட்டை மடித்துக் கொக்கியில் மாட்டிவிட்டுப் போனான். முப்பத்தைந்து வயது இருக்கும், தடித்த உடம்பு. கவரைப்பேட்டையைத் தாண்டி ஒரு ஊர். அப்பா அம்மா இன்னொருவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். இவன் ஏரியில் நீந்தி, அதையே தொழிலாக்கிக்கொண்டவன். பல வருடமாக எங்களுக்குத் தெரிந்தவன்.

"தப்பா நெனச்சிக்காதக்கா. அவரு கூட்டிக்கினு வந்தாரு, வந்தோம்" என்றான்.

"நீ போடா. உன்ன ஒண்ணும் சொல்லல."

பத்து நாளில் அதே கான்ட்ராக்டர் ஒரு வேன் நிறைய அட்டைப்பெட்டிகளோடு வந்தான். எல்லாம் ஆன்லைனில் வாங்கியது. ரெகுலேட்டர்களைப் பூட்டித் தரவேண்டுமாம். அவன் ஆட்களுக்குத் தெரியவில்லையாம். வெளியே போ என்று சொல்ல வாயைத் திறந்தேன். வீட்டுக்காரர் அதற்குள் ஒரு பெட்டியைப் பிரித்துவிட்டார். ஒரு குழாய் சரியாக முறுக்கப்படாமலே வந்திருந்தது. "இதோட எறங்குனா பாதியில புட்டுக்கும்" என்றார். பிறகு எப்படித் துரத்துவது? அத்தனையையும் பூட்டி, சோதித்துக் கொடுத்தோம். அவன் நன்றி சொல்லவில்லை. சர்வீஸ் என்றால் அப்படித்தான் இருக்கவேண்டும் என்கிற மாதிரி தலையை ஆட்டினான்.

காற்றுக்காவது என்னிடம் வந்தாகவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். மாஸ்க் பார்சலில் வரும், காற்று வராது. இரண்டு மாதம் வந்தான். அப்புறம் அவனுடைய சிலிண்டர்கள் நின்றுவிட்டன. விசாரித்ததில், காற்று நிரப்புகிற சின்ன கம்ப்ரஷர் ஒன்றையே ஆன்லைனில் வாங்கி வேலை நடக்கிற இடத்தில் வைத்துவிட்டான் என்று தெரிந்தது.

ஒரு காலை, நாஷ்டா முடித்துவிட்டு ஷட்டரைத் தூக்கினேன். கவரைப்பேட்டைக்காரன் வாசலில் நின்றிருந்தான். ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் ஒரு சிலிண்டரைப் படுக்க வைத்துக் கயிற்றால் கட்டியிருந்தான். கண் சிவந்திருந்தது.

"எக்கா, இத கொஞ்சம் மோந்து பாரேன்."

வெளியிலிருந்து வரும் சிலிண்டரை மோந்து பார்க்காமல் நான் நிரப்புவதில்லை. அது அவனுக்குத் தெரியும். வால்வை லேசாகத் திறந்து, வெள்ளைத் துணி ஒன்றை முன்னால் பிடித்தேன். மூக்கைக் கிட்டே கொண்டு போனதுமே தெரிந்துவிட்டது. லாரிக்குப் பின்னால் பைக்கில் போனால் முகத்தில் அடிக்குமே, அந்த நாற்றம். எண்ணெய் கருகின வாடையும் சேர்ந்திருந்தது. நாக்கில் கசப்பு ஒட்டிக்கொண்டது. துணியில் மஞ்சளும் கறுப்புமாக ஒரு வட்டம் விழுந்தது.

"மிஷின எங்கடா வெச்சிக்கிறான்?"

"ஜெனரேட்டர் பக்கத்துல. அங்கதான் பிளக் கீது."

"காத்து இழுக்குற பைப்பு?"

"அது ரெண்டு மொழம்தான்கா. அதோடதான் வந்துச்சி."

என் கம்ப்ரஷருக்குக் காற்று இழுக்கும் குழாய் மொட்டைமாடியைத் தாண்டி, சாலைக்கு எதிர்ப்பக்கம் போகிறது. கான்ட்ராக்டர் இரண்டு முழக் குழாயை ஜெனரேட்டர் புகைக்குள் வைத்து, அந்தப் புகையை அமுக்கி மனிதர்களுக்கு மூச்சாகக் கொடுத்துக்கொண்டிருந்தான். ஃபில்டர் தீர்ந்துபோனதும் மருந்துக்கடைப் பஞ்சை அடைத்தானாம். நாற்றமாவது மூக்குக்குத் தெரியும். அதோடு சேர்ந்து வருகிற விஷவாயு தெரியாது. ஆழத்தில் ஒருவன் மயங்கினால் அவ்வளவுதான்.

"மூணு நாளா தலவலிக்கா. நேத்து தண்ணிக்குள்ளயே வாந்தி. வாயில கீற ரெகுலேட்டர்லயே எடுத்துட்டேன். அத முழுங்கிக்கினு மேல வந்தேன்."

"அவன்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். கொழம்பு ஒத்துக்கலன்னாரு."

இந்தக் காற்றைத் திறந்துவிட்டு நல்ல காற்றை நிரப்பிக் கொடு, யாரிடமும் சொல்லாதே என்று கேட்டான். அன்று பத்து மணிக்கு இறங்கவேண்டும். தகராறு செய்தால் வேறு ஆளைக் கூட்டி வந்துவிடுவார்கள். நிரப்பிக் கொடுத்தேன். மற்ற நாலு பேரும் புகையைத்தான் இழுக்கப் போகிறார்கள் என்று தெரிந்துகொண்டே நிரப்பிக் கொடுத்தேன்.

இதைவிடக் கேவலமான ஒன்றையும் எழுதித்தான் ஆகவேண்டும். துணியில் அந்தக் கறையைப் பார்த்ததும் எனக்குள் முதலில் வந்தது பயம் இல்லை. "இனிமே இங்கதான் வரணும் அவன்" என்று ஒரு சந்தோஷம். ஒருவன் வாந்தியை முழுங்கியதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், என் மண்டையில் வியாபாரம் ஓடுகிறது. அந்த நாற்றத்தைவிட அதுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது.

அவன் போனதும் வீட்டுக்காரரிடம் துணியைக் காட்டினேன். அவர் மோந்து பார்த்துவிட்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்து என் கையில் கொடுத்தார். "பத்து மணிக்குள்ள போ" என்றார்.

ஃபாக்டரி வாசலில் சண்டை போட்டு உள்ளே போனேன். தொட்டிக்குப் பக்கத்தில் ஜெனரேட்டர், அதை ஒட்டிச் சின்ன கம்ப்ரஷர். அவன் சொன்ன மாதிரியே இருந்தது. பாதுகாப்பு அதிகாரி என்று ஒரு இளைஞன், தலையில் மஞ்சள் ஹெல்மெட். அவனிடம் துணியைக் கொடுத்தேன். கான்ட்ராக்டர் அதற்குள் ஓடி வந்தான்.

"சார், இந்தம்மா காத்து ரொப்புற கட வெச்சிக்கிது. நான் மிஷின் வாங்கிட்டேன்னு வயித்தெரிச்சல். எங்கயோ எண்ணெய்ல தொடச்ச துணிய கொண்டாந்து காட்டுது."

அதிகாரி என்னைப் பார்த்தான். "அப்படியாம்மா?"

"கட வெச்சிருக்கிறது நெசம். வியாபாரம் போனதும் நெசம். துணியும் நெசம்."

"ரெண்டு பேரும் பிசினஸ் பேசறீங்க. நான் யார நம்பறது?"

அவன் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பேன். விலை குறைவான எதைப் பற்றியும் நான் இத்தனை வருடமாகக் குறைதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்த வாயால் இதைச் சொன்னால் யார் கேட்பார்கள்? தொட்டி விளிம்பில் ஐந்து பேரும் வெட்சூட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். கவரைப்பேட்டைக்காரன் என்னைத் தெரியாதவன் மாதிரி தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சார், ஒரு பேப்பர் குடு. இவரு சிலிண்டரு ஒண்ணு கூட என் கடையில ரொப்பமாட்டேன்னு எழுதித் தரேன். உன் ஃபாக்டரி சிலிண்டரும் வேணாம். மெட்ராஸ்ல ரொப்பிக்கட்டும். எனக்கு இதுல ஒரு காசு வராது. இப்ப மோந்து பாரு."

எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதிகாரி காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ஒரு சிலிண்டரை எடுத்து வால்வைத் திறந்து மோந்தான். முகம் சுளித்து, திரும்பித் துப்பினான். வேலையை நிறுத்தச் சொன்னான்.

கான்ட்ராக்டர் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அங்கேயே போனை எடுத்து நீளமான குழாய் எங்கே கிடைக்கும் என்று தேட ஆரம்பித்தான். நான் வெளியே வரும்போது கவரைப்பேட்டைக்காரன் பின்னால் வந்தான்.

"இன்னாக்கா இப்டி பண்ணிட்ட. சொல்லாதன்னு சொன்னேன்ல."

"செத்துடுவடா."

"இப்ப மட்டும் வாழ்ந்துடுவனா? ஒரு வாரம் வேல இல்ல, அஞ்சு பேருக்கும். நீ போக்கா."

போனேன். மூன்று வாரம் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு செய்தியும் இல்லை. வேறு வேலைகளுக்குச் சென்னையில் நிரப்பிக்கொண்டு வருகிறார்கள் என்று பஞ்சர் கடைக்காரர் சொன்னார். ஆன்லைனில் எங்கள் கடைக்கு யாரோ ஒரு நட்சத்திரம் கொடுத்து, "வாய்க்கொழுப்புப் பொம்பளை" என்று எழுதியிருந்தார்கள். அதை மறுக்க எனக்கு ஒன்றும் இல்லை.

நாலாவது வாரம் ஒரு நாள் கான்ட்ராக்டரின் வேன் வாசலில் வந்து நின்றது. பின்னால் எட்டு காலி சிலிண்டர்கள். சென்னைக்குப் போய்வருவது பேஜாராக இருக்கிறதாம். தொட்டி வேலை மறுபடி ஆரம்பிக்கிறதாம்.

"ரொப்பித் தாங்க மேடம். இல்லன்னா நம்ம மிஷினு கீது, பைப்பு வந்துடுச்சி. இவனுங்கதான் பயந்துக்கினு எறங்கமாட்டேங்கறானுங்க."

"எழுதிக் குடுத்துட்டேன்ல."

"அது கெடக்குது உடுங்க. வேணாம்னா சொல்லுங்க, மிஷின்லயே போட்டுக்கிறேன்."

வேன் முன்சீட்டில் கவரைப்பேட்டைக்காரன் உட்கார்ந்திருந்தான். மறுபடி ஆரம்பிக்கிற வேலைக்கு அவனையும் எடுத்திருந்தார்கள். அவன் இறங்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான், முன்பு தொட்டி விளிம்பில் பார்க்காததற்கும் சேர்த்து. நீளக் குழாய் வந்ததும் கான்ட்ராக்டர் மெஷினை எங்கே வைத்திருக்கிறான், பஞ்சை எடுத்தானா, எதுவும் எனக்குத் தெரியாது. கேட்டால் எல்லாம் சரி என்றுதான் சொல்வான்.

முடியாது என்று சொன்னால் என் கையெழுத்து நிற்கும். அடுத்த முறை நான் ஒரு துணியைக் கொண்டுபோய்க் காட்டினால் அதற்கு மதிப்பிருக்கும். ஆனால் அன்று அந்தத் தொட்டிக்குள், வேனில் உட்கார்ந்திருக்கிற இவன் எந்தக் காற்றை இழுப்பான்?

"எறக்கு" என்றேன்.

கான்ட்ராக்டர் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் எதிர்பார்த்துத்தான் இருந்தேன். என் எதிரிலேயே அதிகாரிக்குப் போன் போட்டான். "சார், அந்தம்மா கடையிலயேதான் ரொப்பிக்கினு கீறோம். ஆமா சார். நான் அன்னிக்கே சொன்னேன்ல, எல்லாம் பிசினஸ்தான்னு."

எட்டு சிலிண்டரையும் திறந்து, மிச்சமிருந்த காற்றை வெளியேற்றி, ஒவ்வொன்றாக மோந்து பார்த்தேன். தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி, சூடேறாமல் மெதுவாக நிரப்பினேன். மத்தியானம் வரைக்கும் ஆயிற்று. கான்ட்ராக்டர் வேனில் தூங்கிவிட்டான். கவரைப்பேட்டைக்காரன் இறங்கி வந்து, நிரப்பி முடித்த சிலிண்டர்களை ஒவ்வொன்றாகத் தூக்கி ஏற்றினான்.