மரத்துக்கு வளைகாப்பு

1. நாய்ஸ் கம்ப்ளைன்ட்

மரம் விற்ற பிறகு வரும் போன்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். இலை மஞ்சளாகிவிட்டது, எறும்பு ஏறுகிறது, பழம் எப்போது வரும். கலிஃபோர்னியாவின் டப்ளினில் ஒரு நர்சரியில் காலம் தள்ளி ரிட்டையர் ஆனவள் நான். எந்தக் கேள்விக்கும் பதிலை வாயிலேயே வைத்திருப்பேன். வேலையில் இருந்த கடைசி வருஷம், மார்ச் மாதம், கஸ்டமர் கார்த்திக் போன் பண்ணினான்.

"ஆன்ட்டி, நீங்க குடுத்த செர்ரி மரத்து மேல நாய்ஸ் கம்ப்ளைன்ட் வந்திருக்கு."

மரம் சத்தம் போடாது என்றேன்.

"இது போடுது ஆன்ட்டி. எச்.ஓ.ஏ. மீட்டிங்குக்குக் கூப்பிட்டிருக்காங்க. நீங்க வந்து பேசணும். இல்லன்னா மரத்த எடுக்கச் சொல்லிடுவாங்க."

எச்.ஓ.ஏ. என்பது குடியிருப்புச் சங்கம். வேலிக்கு என்ன கலர் அடிக்கலாம், குப்பைத்தொட்டியை எப்போது உள்ளே இழுக்க வேண்டும் என்று தீர்மானிப்பவர்கள். பே ஏரியாவில் கடவுளுக்குப் பயப்படாதவன்கூட இவர்களுக்குப் பயப்படுவான்.

2. நாலடி இடம்

அந்த மரத்தை வாங்கிப் போனது கார்த்திக்கின் மனைவி திவ்யா. முதல் குழந்தை ஐந்தாம் மாதத்தில் தங்காமல் போனபின் வந்திருந்தாள். இதை அவளாகவே சொன்னாள், உரம் அடுக்கியிருந்த இடத்தில் நின்றுகொண்டு. "பூக்கற மாதிரி ஒண்ணு வேணும் ஆன்ட்டி. ஆனா எங்க டவுன்ஹவுஸ்ல சுவத்துக்கும் வேலிக்கும் நடுவுல நாலடிதான் இருக்கு."

ஒல்லி செர்ரி கொடுத்தேன். கிளைகள் பக்கவாட்டில் பரவாது, இரண்டு கையையும் தூக்கினாற்போல நேராக மேலே போகும். எங்கள் ஊர் மண் களிமண், அதனால் கொஞ்சம் மேடு கட்டி நடச் சொன்னேன். வேரில் தண்ணீர் தேங்கக் கூடாது. மழைக்காலத்தில் கத்தரிக்கோலை மரத்தின் பக்கம் கொண்டுபோகாதே, வெட்டின இடத்தில் நோய் ஏறும், கோடையில் வெட்டு. பூ மட்டும்தான், பழம் வராது. கூட வந்த கார்த்திக் மட்டும் பழத்தைப் பற்றி மூன்று தடவை கேட்டான்.

சங்கம் ஒரு கண்டிஷனோடு அனுமதி கொடுத்தது: மரத்தால் பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவு வந்தால் அனுமதி ரத்து. நான் சொன்னதை எல்லாம் அவர்கள் ஒழுங்காகச் செய்தார்கள், மரமும் நன்றாக வந்தது. வளையல் போடாதீர்கள் என்று மட்டும் நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

3. இன்ஸ்பெக்‌ஷன்

சாயங்காலம் போனேன். டப்ளினில் சாயங்காலம் என்றால் காற்று. கேட்டைத் திறப்பதற்கு முன்பே கலகலவென்று கேட்டது. மரத்தின் கிளைக்குக் கிளை சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி வளையல்கள். கல்யாணத்துக்குப் புறப்பட்ட மாதிரி நின்றது.

கோபிச்செட்டிப்பாளையத்திலிருந்து மகள் திவ்யாவின் பிரசவத்துக்காக வந்திருந்த தெய்வானை அம்மா விளக்கினார்.

"எங்க வீட்டுல மொத வளையல் வேப்பமரத்துக்குங்க. கண்ணு, காத்து எல்லாம் மரத்தோட போயிரும். அப்பறந்தான் புள்ளைக்கு. இங்க வேப்பமரத்துக்கு எங்கீங்க போறது? இருக்கறது இது ஒண்ணு. கையத் தூக்கிட்டு வேற நிக்குது. நல்லாப் போட்டுவுட்டேன்."

"வேற மரமா இருந்தா ஒண்ணு ரெண்டோட நின்னிருக்கும்," என்றேன், என் மரத் தேர்வை நானே நொந்துகொண்டு. "கழட்டிடலாமா?"

"பொறக்கறதுக்கு முன்னாடி கழட்டறதாவதுங்க?" அவர் குரல் சட்டென்று தணிந்தது. "போன தடவ வளையல் போடற வரைக்கும்கூடப் போகலீங்க. இந்தத் தடவ ஒண்ணுகூட ஒடையக் கூடாது."

எனக்கு இந்த நம்பிக்கை எல்லாம் கிடையாது. ஆனாலும் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்ததும், ஒரு வளையல் உடைந்தால் நம்மாலும் தாங்க முடியாது என்று தோன்றிவிட்டது.

4. மீட்டிங்

பேசியதெல்லாம் இங்கிலீஷ்தான். சாரத்தைத் தமிழில் தருகிறேன்.

தலைவி பார்பரா விதிப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். புகார் கொடுத்த பக்கத்து வீட்டு ஸ்டீவ் தூங்கி ரொம்ப நாளான கண்களோடு வந்திருந்தார். கார்த்திக் சிப் கம்பெனி ஆள், காற்றின் வேகத்துக்கும் வளையல் சத்தத்துக்கும் கிராஃப் போட்டு ஸ்லைடு காட்டினான். சத்தம் உண்மைதான் என்று அந்த ஸ்லைடே நிரூபித்தது.

"காற்றுமணிக்கு இங்கே தடை. இது காற்றுமணிதானே?" என்று என்னிடம் கேட்டார் பார்பரா.

"இல்லை, வளைகாப்பு."

விளக்கினேன். பார்பரா பேனாவைக் கீழே வைத்தார்.

"அப்படியென்றால் மரமும் கர்ப்பமா?"

முப்பது வருஷ அனுபவத்தில் இப்படி ஒரு கேள்வி வந்ததில்லை. "மொக்கு வைத்திருக்கிறது. கிட்டத்தட்ட அப்படித்தான்," என்றேன். கலிஃபோர்னியாவில் அடுத்தவர் கலாசாரத்தைப் பார்த்துச் சிரிக்க யாருக்கும் துணிச்சல் கிடையாது. எல்லோரும் கவலையோடு தலையாட்டினார்கள்.

பார்பரா புத்தகத்தைப் புரட்டினார். பண்டிகை அலங்காரம் என்றால், பண்டிகை முடிந்து இரண்டு வாரம் வரை அனுமதி உண்டு. "இந்தப் பண்டிகை எப்போது முடியும்?"

திவ்யா வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "டாக்டர் ஏப்ரல் முதல் வாரம்னு சொல்லியிருக்கார்."

பார்பரா அதை மினிட்ஸில் எழுதிக்கொண்டார்.

5. டெலிவரி

ஏப்ரல் முதல் வாரம் போனது. மரம் மட்டும் சொன்ன தேதிக்குப் பூத்தது, வளையலுக்குள்ளும் வெளியிலும் வெளிர் ரோஸில் கொத்துக்கொத்தாக. குழந்தை வருகிற வழியைக் காணோம். தினமும் காலையில் ஸ்டீவ் வேலிமேல் தலையை நீட்டி, ஏதாவது நியூஸ் உண்டா என்று கேட்பார். பிள்ளை பிறக்க வேண்டும் என்று தெய்வானை அம்மாவுக்கு அடுத்தபடி உருகினவர் அவர்தான். ஒருநாள், சீக்கிரம் வலி வரும் என்று எதிலோ படித்துவிட்டு அன்னாசிப்பழம் கொண்டுவந்து கொடுத்தார். போனிலும் நேரிலுமாக ஒன்பது மாதம் அந்தப் பழத்தின் பெயரைக்கூடச் சொல்லவிடாத தெய்வானை அம்மா அதை வாங்கிக் கராஜில் பூட்டிவைத்தார்.

அடுத்த வாரம் பெண் குழந்தை பிறந்தது. போனில் கார்த்திக் பேச முடியாமல் அழுதான். நானும்தான். நர்சரியில் எனக்குப் பின்னால் வழி கேட்டு ஃபோர்க்லிஃப்ட் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

பூ உதிரட்டும் என்று காத்திருந்து, இரண்டு வாரக் கெடு முடிவதற்குள் ஏணி போட்டு ஏறினேன். துளிர்களை மடக்கி மடக்கி, ஒன்றுகூட உடையாமல் எல்லா வளையலையும் கழற்றி இறக்கினேன். ஸ்டீவ் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

தெய்வானை அம்மா வளையல்களை எடுத்து என் கையைப் பிடித்தார்.

"பிரசவம் பாத்தவங்களுக்குத்தான் இந்த வளையல்."

"நான் மரத்தத்தாங்க பாத்தேன்."

"அதத்தானுங்க நானும் சொல்றேன்."

மண்வெட்டி பிடித்த கை, வளையல் ஏறவில்லை. சோப்பு போட்டு ஏற்றிவிட்டார். அன்று முழுக்க வளையல் கலகலக்க உரமூட்டை தூக்கினேன்.

கற்றுக்கொண்ட பாடம் இதுதான். ஒல்லி செர்ரி கேட்டு வருபவரிடம் இடம் எவ்வளவு, வெயில் எவ்வளவு, மண் எப்படி என்று கேட்டால் போதாது. வீட்டில் யாராவது கர்ப்பமா என்றும் கேட்க வேண்டும். நான் ரிட்டையர் ஆகும்வரை கேட்டேன்.

அப்படி நான் கேட்ட முதல் ஆள் பார்பரா. அதே மரம் வேண்டும் என்று வந்திருந்தார்.

"என் மகள், ஆறாம் மாதம்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த வளையல் எங்கே கிடைக்கும்?"

சன்னிவேலில் இந்தியக் கடைகளில் கிடைக்கும் என்றேன். சங்கத்துக்குத் தொந்தரவில்லாமல் பிளாஸ்டிக்கில் வாங்கலாம் என்றும் சொன்னேன்.

"பிளாஸ்டிக் வேண்டாம்," என்றார் பார்பரா. "சத்தம் வர வேண்டும்."