கொழுந்து எடுக்கத் தெரியாதவள்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே நான் கத்தரி கேட்டு மாட்டிக்கொண்டேன்.

ஏலப்பாறையிலிருந்து வாகமண் போகும் சாலையில், சுற்றுலா வருகிறவர்களுக்கென்றே சின்னதாக ஒரு தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறார்கள். உள்ளே போக டிக்கெட். செடிகளுக்கு நடுவே நடைபாதை, படம் எடுக்க ஒரு மேடை, கடைசியில் கண்ணாடி அறையில் உட்கார்ந்து ஒரு கப் டீ. வருகிறவர்களுக்குத் தேயிலையைப் பற்றி எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும், தமிழ், மலையாளம், இங்கிலீஷ் மூன்றும் பேச வேண்டும் என்று வாட்ஸப்பில் விளம்பரம் வந்தது. பி.காம் முடித்துவிட்டு ஒரு வருடமாகப் பரீட்சை மேல் பரீட்சையாக எழுதி ஓய்ந்துபோயிருந்த நான் மறுநாளே போய் நின்றேன்.

மேனேஜர் மலையாளி. நெற்றியில் சந்தனம், கையில் கொத்துச்சாவி. "வீடு எவிடெயா?" என்று கேட்டார். எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் என்று சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. நான் நீட்டிய சர்டிபிகேட் கவரைப் பிரிக்கக்கூட இல்லை.

"அப்போ எல்லாம் அறியாமல்லோ" என்று, எனக்கு எல்லாம் தெரியும் என்ற முடிவோடு ஒரு மூங்கில் கூடையை என் கையில் திணித்தார். வாசலில் கோழிக்கோட்டுக் குடும்பம் ஒன்று காத்திருந்தது. "கொழுந்து நுள்ளிக் காணிச்சுக் கொடு மோளே." அவர்களுக்குக் கொழுந்து கிள்ளிக் காட்ட வேண்டுமாம்.

செடி முன்னால் போய் நின்றேன். சுற்றும்முற்றும் பார்த்தேன். "சார், கத்தரி எங்க?" என்றேன்.

"கத்தரியோ? இது தையல்கடையாணோ?" என்றார் அவர். கோழிக்கோட்டுக் குடும்பம் மொத்தமும் சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது.

சத்தியமாக என் மேல் தப்பில்லை. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து எங்கள் லயத்துப் பெண்கள் கத்தரியால்தான் கொழுந்து வெட்டுகிறார்கள். நீளமான கத்தரி, வெட்டியது விழ அதன்மேல் ஒரு தட்டு. சரக் சரக்கென்று வெட்டி முதுகுச் சாக்கில் தட்டிக்கொண்டே போவார்கள். கையால் எடுப்பது புதிதாக நட்ட இளஞ்செடிக் காட்டில் மட்டும்தான். அந்தக் காடு மலைக்கு அந்தப் பக்கம். நான் பார்த்ததே கிடையாது.

பார்க்கவிடாததற்குக் காரணம் அம்மா. லயத்தில் மற்ற பிள்ளைகள் லீவு நாளில் சோற்றுத் தூக்கோடு காட்டுக்குப் போய்ச் செடிக்குள் ஓடிப்பிடித்து விளையாடுவார்கள். நான் கொழுந்தில் கை வைத்தால் அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். "கைய ஒடிச்சுப்புடுவேன், புஸ்தகத்த எடு" என்பாள். தேயிலைக்கு நடுவே பிறந்து, தேயிலைக்கு நடுவே இருபத்திரண்டு வயது வரை வளர்ந்து, ஒரு கொழுந்து கூடக் கிள்ளாத பிராணி இந்த மலையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அப்பா நான் பள்ளியில் படிக்கும்போதே தவறிவிட்டார். வீட்டில் அம்மாவும் நானும்தான். அந்த வீடும் எங்களுடையது இல்லை, கம்பெனியுடையது. வீட்டில் ஒருவர் பேர் எஸ்டேட் பதிவில் இருக்கும்வரைதான் வீடு. அடுத்த வருடம் அம்மாவுக்கு ரிட்டயர்மென்ட். அதற்குப் பிறகு இரண்டே வழி. ஒன்று, நான் பேர் பதிந்து அம்மா இடத்தில் கத்தரி பிடிக்க வேண்டும். இல்லையென்றால் வெளியே வாடகை வீடு பார்க்க வேண்டும், அதற்கு எனக்கு வேலை வேண்டும். முதல் வழியைப் பற்றிப் பேசினாலே அம்மா எழுந்து வெளியே போய்விடுவாள்.

ஆகவே மேனேஜர் சிரித்து முடிக்கும்வரை நின்றிருந்தேன். "மூணு மாசம் நோக்காம்" என்றார் அவர். பேச்சு நன்றாக இருக்கிறதா, வருகிறவர்களுக்குப் பிடிக்கிறதா என்று பார்ப்பாராம். பிடித்ததா என்று அவர் பார்க்கிற இடம் கண்ணாடி அறையில் இருக்கும் விசிட்டர் நோட்டு. வருகிறவர்கள் போகும்போது அதில் ஏதாவது எழுதிவிட்டுப் போவார்கள். மலையாளமும் இங்கிலீஷும் அவரே படிப்பார். தமிழில் எழுதியதை நான் வாசித்து அர்த்தம் சொல்ல வேண்டும். என்னைப் பற்றி எழுதியதை நானே வாசித்துச் சொல்லும் கொடுமையை என்ன சொல்ல!

அம்மாவிடம், டூரிஸ்டுகளிடம் பேசுகிற வேலை என்று மட்டும் சொன்னேன். கூடையைப் பற்றி மூச்சு விடவில்லை.

கொழுந்து எடுக்க யாரிடமும் கேட்க முடியாது, கேட்டால் விஷயம் லயத்துக்குப் போய்விடும். எனவே போனில் வீடியோ பார்த்தேன். எங்கேயோ வடக்கில் இருக்கும் ஒரு தோட்டத்துப் பெண்ணின் விரலைப் பார்த்து, என் அம்மா இளவயதில் செய்த வேலையைப் படித்தேன். நகம் படக்கூடாது, இழுக்கக்கூடாது, விரல் நுனியால் மடக்கி ஒடிக்க வேண்டும். தோட்டம் மூடியபின் பஸ் வரும்வரை அங்கேயே செடிகளிடம் பழகினேன். பத்து ஒடித்தால் ஆறு கசங்கும். அதையும் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு, "ரெண்டு இலை, ஒரு மொட்டு" என்று சிரித்தபடியே செய்ய வேண்டும்.

ஆனால் பேச்சு எனக்குப் பிடித்துப்போனது. சின்ன வயதிலிருந்தே எனக்குக் கேள்வி கேட்கும் வியாதி உண்டு. இங்கே வருகிறவர்கள் என்னையும் மிஞ்சினார்கள். இந்தச் செடிக்கு எத்தனை வயது? அட்டை கடித்தால் என்ன செய்வீர்கள்? மழையில் எடுத்த இலைக்கு ருசி மாறுமா? இருபத்திரண்டு வருடம் பக்கத்திலேயே இருந்தும் இதில் ஒன்றைக்கூட எனக்குக் கேட்கத் தோன்றியதில்லையே என்று வெட்கமாக இருந்தது. பெங்களூரிலிருந்து வந்த ஒரு அம்மாள், "இதை வெட்டாமலே விட்டால் எவ்வளவு உயரம் வளரும்?" என்று கேட்டார். இதே உயரம்தான் என்று உளறிவைத்தேன்.

அன்று சாயங்காலம் அம்மா தோளில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தபோது அதே கேள்வியைக் கேட்டேன்.

"வெட்டாம விட்டா மரமாயிரும்" என்றாள் அம்மா, திரும்பிக்கூடப் பார்க்காமல். "பழைய பங்களா வேலியோரம் ஒண்ணு நிக்குல்லா. அதுல என்ன கண்ட?"

வாரத்தில் எனக்கு லீவு புதன்கிழமை. அந்தப் புதன்கிழமையே போய்ப் பார்த்தேன். பள்ளிக்கூடம் போகும்போது எத்தனையோ தடவை அதன் நிழலில் ஒதுங்கியிருக்கிறேன். ஏதோ காட்டுமரம் என்று நினைத்திருந்தேன். கிட்டே போய் இலையைத் திருப்பிப் பார்த்தேன், தேயிலைதான். எங்கள் லயத்துக் கூரையைவிட உயரம். கிளையெல்லாம் மஞ்சள் நடுவோடு வெள்ளைப் பூ. தேயிலை பூக்கும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

இரண்டாவது மாதம் கடைசியில் ஒரு நாள் வேலை முடிந்து பஸ் இறங்கினேன். பக்கத்து வீட்டு அக்கா கடை வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள். அவளும் அம்மாவும் ஒரே கூட்டத்தில் வேலை செய்கிறவர்கள்.

"எட்டி, ஒங்கம்மா இன்னைக்கு பெரட்டுல என்ன கூத்துப் பண்ணிட்டா தெரியுமா?"

பெரட்டு என்றால் காலையில் எல்லாரையும் வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பது. அங்கே அம்மா ஆபீசர் முன்னால் போய் நின்று, "எம் மக பேர வெட்டுங்க" என்றிருக்கிறாள். எந்த மகள், எந்தப் பேர் என்று அவருக்குப் புரியவில்லை. நோட்டைப் புரட்டிப் பார்த்து, அப்படி ஒரு பேரே இல்லை என்றிருக்கிறார். "எங்கிட்ட மறைக்காதீக. அவ கையில கறைய என் ரெண்டு கண்ணால பாத்தேன். எனக்குத் தெரியாம எளஞ்செடிக் காட்டுல பதிஞ்சிருக்கீக" என்று அம்மா கத்தியிருக்கிறாள். வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்திருக்கிறார்கள்.

நான் என் கையைப் பார்த்தேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நுனியில் கறுத்திருந்தன. கொழுந்துச் சாறு காய்ந்தால் அப்படித்தான் ஆகும், சோப்புக்குப் போகாது. புதிதாகப் பேர் பதிகிறவர்களை முதலில் கையால் எடுக்கும் இளஞ்செடிக் காட்டுக்குத்தான் அனுப்புவார்கள். அந்தக் கறை என்றால் என்ன என்று எங்கள் லயத்தில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நான் வீட்டுக்காக அவளுக்குத் தெரியாமல் பேர் பதிந்துவிட்டேன் என்று நினைத்து, எத்தனை நாள் அம்மா சாப்பாட்டுத் தட்டின் மேல் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாளோ! எனக்கு அழுகை வந்தது.

வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கூடை, மேடை, கத்தரி கேட்டது, வீடியோ, எல்லாம். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அம்மா வாயைப் பிளந்தாள்.

"கொழுந்து எடுக்கிறதப் பாக்கவா டிக்கெட்டு வாங்கிட்டு வர்றாக?"

"ஆமாம்மா."

"பாத்துட்டு?"

"போட்டோ எடுத்துக்குவாங்க."

"எதுக்கு?"

அம்மா அதோடு விடவில்லை. யார் யார் வருகிறார்கள், என்ன கேட்கிறார்கள், நீ என்ன சொல்கிறாய் என்று தோண்டித் தோண்டிக் கேட்டாள். இந்தக் கேள்வி வியாதி எனக்கு எங்கிருந்து வந்தது என்று அன்றுதான் தெரிந்தது. அடுப்படியில் நின்று என் பேச்சை முழுவதும் சொல்லிக் காட்டினேன். "ரெண்டு இலை, ஒரு மொட்டு" என்ற இடத்தில் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "எந்தத் தோட்டத்துலட்டி அப்படிப் பாத்துப் பாத்து வெட்டுதாக?" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தாள். கல்யாண வீட்டுக்குக் கட்டுகிற நீலப் புடவை. வாசலிலேயே என்னைக் கூப்பிட்டு, "நான் ஒன் அம்மான்னு சொல்லப்பிடாது" என்று உத்தரவு போட்டுவிட்டுக் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டாள்.

இருபது பேர் இருந்திருப்பார்கள். தட்டுத் தடுமாறி ஆரம்பித்துக் கூடையை மாட்டினேன், ஐந்து கொழுந்து எடுத்தேன், மூன்று கசங்கியது. அம்மா இரண்டு கையையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு பார்த்தாள். கத்தரி பிடித்துக் காய்ப்பு ஏறிய உள்ளங்கையை யாரும் பார்த்துவிடக் கூடாது என்றுதான் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

பிறகு கூடை கைமாறியது. சென்னையிலிருந்து வந்த ஒருவர் தொப்பியும் கூடையுமாகச் செடியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். முற்றின இலையைக் காம்போடு இழுத்தார். முந்தானைக்குள் அம்மாவின் விரல் அசைவதைப் பார்த்தேன். அவர் திரும்பி, "நீங்களும் ஒரு தடவை பறிச்சுப் பாருங்களேன்மா" என்று கூடையை நீட்டினார்.

"எனக்குப் பழக்கம் இல்லங்க" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு, நிழலில் கிடந்த நாற்காலியில் போய் உட்கார்ந்து, மற்றவர்கள் கொழுந்து எடுப்பதை நிதானமாக வேடிக்கை பார்த்தாள்.

கடைசியில் கண்ணாடி அறையில், யாருக்காவது கேள்வி உண்டா என்று கேட்டேன். அம்மா பள்ளிப்பிள்ளை போலக் கையைத் தூக்கினாள்.

"ஏம்மா, இந்தச் செடிய வெட்டாமயே விட்டா என்ன ஆவும்?"

மரமாகிவிடும் என்று சொன்னேன். இங்கே பக்கத்தில் ஒன்று நிற்கிறது, வீட்டுக் கூரையைவிட உயரம், வெள்ளைப் பூ பூக்கும் என்று சொன்னேன். அதன்பின் தடுமாற்றம் போய்விட்டது. கூட்டம் வாய் பிளந்து கேட்டது. அம்மா அன்றுதான் முதல்முதலாகக் கேள்விப்படுகிறவள் போலத் தலையாட்டினாள். வெள்ளைக் கப்பில் வந்த டீயை மோந்து பார்த்துவிட்டு மெதுவாகக் குடித்தாள். போகும்போது நோட்டில் ஏதோ எழுதினாள்.

சாயங்காலம் மேனேஜர் நோட்டைப் புரட்டினார். இங்கிலீஷில் இரண்டு பேர் என் பேச்சைப் புகழ்ந்திருந்தார்கள். தமிழ் வந்ததும் என்னிடம் தள்ளினார். அம்மாவின் உருண்டைக் கையெழுத்து. பேர் போடவில்லை.

'இந்தப் பிள்ளை நல்லா விளங்குறாப்புல சொல்லுது. கொழுந்து எடுக்கத்தான் தெரியல. தெரிய வேண்டாம்.'

முதல் வரியோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். அவருக்கென்ன தெரியப்போகிறது! ஆனால் நான் மூன்றையும் மலையாளத்தில் சொன்னேன். அவர் சாவிக்கொத்தை உருட்டினார்.

"சரியாணு" என்றார். "அவர் நுள்ளட்டே. நீ பறஞ்ஞா மதி." வந்தவர்கள் பறிக்கட்டும், நீ பேசினால் போதும் என்றார். அடுத்த மாதத்திலிருந்து வேலை ஸ்திரம் என்றும் சொன்னார். பிறகு அந்த வரிகளை மறுபடி பார்த்து, "இது ஆரா?" என்று கேட்டார்.

"ஒரு விசிட்டர், சார்" என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா நீலப் புடவையை மடித்து வைத்துவிட்டுப் பழைய நைட்டியில் வாசலில் நின்றாள்.

"பேரு பதிஞ்சுட்டாகளா?" என்றாள். அந்த வார்த்தையை அவள் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"பதிஞ்சாச்சும்மா."

அம்மா உள்ளே போய் ஒரு எலுமிச்சம்பழத்தை நறுக்கி எடுத்துவந்தாள். என் கையை இழுத்து மடியில் வைத்து, ஒவ்வொரு விரலாகத் தேய்க்க ஆரம்பித்தாள். எரிந்தது. போதும்மா என்றேன். கறை போகும்வரை அவள் விடவில்லை.