அம்மாள் தடுத்த மலை

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, நித்திரையாகக் கிடந்த என் தங்கச்சியின் இரண்டு கைகளிலும் காஞ்சோண்டி இலையைத் தேய்த்தேன். தெரியாமல் செய்த பிழை அல்ல. விடியும் நேரத்தில் வேலியோரம் போய், இலையைப் பழந்துணியால் பிடித்துப் பிடுங்கி வந்து தேய்த்துவிட்டு, என் பாயில் போய்க் கண்ணை மூடிக் கிடந்தேன். அந்த இலை பட்டால் தோல் எரிந்து, சிவந்து, கொப்புளம் கொப்புளமாக எழும்பும் என்று எங்கள் ஊரில் நடக்கப் பழகிய பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அதற்காகத்தான் அதைத் தேடிப் போனேன்.

காரணம் மாமா. அம்மாவின் தம்பி. மலைநாட்டில் ஒரு தபால் கந்தோரில் வேலையாக இருந்தார். பள்ளிக்கூட விடுமுறை தொடங்கிய கையோடு வந்து, திரும்பும்போது பிள்ளைகளில் ஒருவரைக் கூட்டிப்போய் மலையும் குளிரும் காட்டுவதாகச் சொன்னார். அவருடைய அறையில் ஒரு பிள்ளை படுக்கத்தான் இடம். முந்திய விடுமுறைக்கு அவரோடு கொழும்பு பார்த்து வந்தவன் நான். ஆகவே இந்த முறை தங்கச்சி என்று தீர்மானமானது. அதில் ஓர் அநியாயமும் இல்லை. அநியாயம் இல்லாதபடியால் அழவும் வழியில்லை என்பதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. அவளோ யாரிடமோ இரவல் வாங்கிய கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, யாழ்ப்பாணத்து ஓகஸ்ட் வெயிலில், குளிருக்குப் பழகுகிறேன் என்று முற்றத்தில் வேர்த்து வழியத் திரிந்தாள்.

நான் எதிர்பார்த்தபடியே எல்லாம் நடந்தது. அவள் அழுதுகொண்டு எழும்பினாள். அம்மா அவளுடைய கைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, அம்மாள் வந்திருக்கிறாள் என்றார். கொப்புளிப்பான் என்கிற அம்மை நோயை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். அம்மன் வீட்டுக்கு வந்துவிட்டால் வாசலில் வேப்பிலை கட்டுவார்கள். வெளியார் உள்ளே வரமாட்டார்கள். மச்ச மாமிசம், பொரியல், தாளிப்பு எல்லாம் நின்றுவிடும். நோயாளி பயணம் போவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

மாமா தயங்கினார். இந்த வீட்டிலிருந்து எந்தப் பிள்ளையையும் கூட்டிப் போகலாமா என்று கேட்டார். "இவனுக்கும் வரமுதல் கூட்டிக்கொண்டு போ" என்று அம்மா அவரை அவசரப்படுத்தினார். தங்கச்சியின் கம்பளிச் சட்டையை எடுத்து எனக்கு மாட்டிவிட்டார். சட்டையின் கை எனக்குக் கட்டை. பழந்துணியையும் மீறி இலை பட்டு என் விரல்கள் வீங்கியிருந்தன. அம்மா அவற்றைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. தேங்காயெண்ணெய் பூசிவிட்டார். பிடிபடாமல் தப்பினேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மலையில் நான் மனம் வெந்துகொண்டிருந்தேன் என்று எழுதினால் அது பொய். மிகவும் சந்தோசமாக இருந்தேன். வாயைத் திறந்தால் புகை வந்தது. விடிய எழும்பிப் பார்த்தால் எதிர் மலையே தெரியாமல் பனிமூட்டம். குற்றம் திரும்பி வந்த பிறகுதான் என்னைப் பிடித்தது. வாசலில் வேப்பிலை காய்ந்து தொங்கியது. தங்கச்சி ஓடிவந்து, மலை எவ்வளவு உயரம், பனை அளவு வருமா என்று கேட்டாள். நூறு பனை என்றேன். அவள் பொறாமைப்படாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கம்பளிச் சட்டையைக் கழற்றி அவளிடம் கொடுக்கும்போது அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

அதன் பிறகு எங்கள் சொந்தத்துக்குள் ஒரு கதை நிலைத்துவிட்டது. அவளுக்கு மலை சரிவராது, அம்மாளே குறுக்கே நின்று தடுத்தவள் என்று. யார் முதலில் சொன்னார்களோ தெரியாது. அவள் மறுத்ததில்லை. நாட்டை விட்டு நாங்கள் சிதறியபோது அவள் பாரிசுக்குப் போனாள், நான் ரொறன்ரோவுக்கு வந்தேன். அவளுடைய பிள்ளைகள் ஒவ்வொரு மாரியும் பனிச்சறுக்குக்கு மலைக்குப் போவார்கள். அவள் மட்டும் வீட்டில் நின்றுவிடுவாள். "எனக்கு மலை சரிவராது, அம்மாள் தடுத்தது" என்று தொலைபேசியில் அவள் சொல்லும் ஒவ்வொரு முறையும், டோர்செட் பார்க் அடுக்குமாடியில் இருந்தபடி நான் பேச்சை மாற்றுவேன். அறுபது வருடத்துக்கு மேல் ஒரு பெண்ணை மலையடியிலேயே நிறுத்தி வைத்தவன் நான் அல்லவா?

இந்த வருடம் அவளுடைய மகள் ஒரு திட்டம் போட்டாள். பெப்ரவரியில் இரண்டு குடும்பமும் சேர்ந்து அல்ப்ஸ் மலையில் ஒரு சின்ன ஊருக்குப் போவது. பெரிய இடங்களில் கூட்டம். இந்த ஊரில் ஒரு பேக்கரியும் ஒரு தேவாலயமும்தான் இருக்கின்றன, வீட்டு வாசலிலேயே பழகுபவர்களுக்கான சரிவு தொடங்குகிறது என்று படங்கள் அனுப்பினாள். ஞாயிறுதோறும் வீடியோவில் கூடினோம். அஜக்ஸில் இருக்கும் என் மகள் சறுக்குச் சப்பாத்துக்கு எல்லாருடைய கால் அளவையும் கேட்டாள். காருக்குச் சங்கிலி வேண்டுமா, சறுக்குக் கட்டைகளை அங்கே வாடகைக்கு எடுப்பதா என்று பேச்சு நீண்டது. இங்கே வாசலில் கிடக்கிற ஸ்நோவை வழிக்க ஆளில்லை, அங்கே போய் வேறு பார்க்கப் போகிறார்களாம் என்று நான் நையாண்டி செய்தேன். எல்லாம் நன்றாகத்தான் போனது, தங்கச்சி வழமைபோல அம்மாளைக் கூப்பிடும் வரை.

அன்றைக்கு நான் துணிந்துவிட்டேன். எனக்கு எழுபத்து மூன்று வயது. இதற்குப் பிறகு சொல்ல எப்போது வாய்க்கும்? எல்லாருக்கும் முன்னால், அந்த இலையையும் துணியையும் சட்டையையும் ஒன்றும் விடாமல் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன்.

"அம்மப்பா, தட் இஸ் சோ மீன்" என்றாள் என் பேத்தி. தங்கச்சியின் மகள் கையைத் தட்டினாள். "அப்ப அம்மாவுக்கு இனி ஒரு சாட்டுமில்லை. வீடு புக் பண்ணுறன்." திரையில் தங்கச்சி இருந்த பெட்டியில் அவளைக் காணவில்லை. வெறும் கதிரை தெரிந்தது. கண்ணைத் துடைக்கப் போயிருக்கிறாள் என்று எண்ணி என் கண்ணும் கலங்கியது.

மறுநாள் காலை தங்கச்சி என்னைத் தொலைபேசியில் தனியாக எடுத்தாள்.

"அண்ணை, உங்களை ஆர் இப்ப இதைச் சொல்லச் சொன்னது?"

செய்த பிழையை உன்னிடம் சொல்லாமல் சாகக்கூடாது என்று நினைத்தேன் என்றேன்.

"எனக்கு அண்டைக்குப் பின்னேரமே தெரியும். கையில கொப்புளமெல்லாம் வத்திப்போச்சு. அம்மாள் அரை நாளில திரும்பிப் போறவவோ? அம்மாவுக்கு உங்கட விரலைக் கண்ட உடனயே தெரியும்."

பிறகு அவள் சொன்னதை என்னால் இன்றுவரை முழுதாக விழுங்க முடியவில்லை. ஒவ்வொரு விடுமுறைக்கும் அப்பாவின் சகோதரர்கள் குடும்பத்தோடு எங்கள் வீட்டில் வந்து நிற்பார்கள். அத்தனை பேருக்கும் அம்மாதான் சமைப்பார். அந்த முறையும் மறுநாள் வருவதாக இருந்தது. வாசலில் வேப்பிலையைக் கண்டதும் வேலிப் படலையைத் தாண்டாமலே திரும்பிவிட்டார்கள். அப்பா விறாந்தையில் படுத்தார். சமையல் என்று ஒரு கஞ்சிதான். காய்ச்சல் இல்லாத பிள்ளையும் அம்மாவும் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு தாயம் விளையாடினார்களாம். "அம்மா பகல்ல நித்திரை கொண்டதை நான் அப்பதான் கண்டது" என்றாள். யாருக்கும் சொல்லாதே, உன் அண்ணனையும் அப்பா அடிப்பார், எங்கள் விடுமுறையும் போய்விடும் என்று அம்மா சொல்லி வைத்திருந்தாராம்.

அப்படியானால் மலை சரிவராது என்பது? நான் கேட்டேன்.

"ஓம், நான் போனாலும் அங்க ஆர் சமைக்கிறது? ஸ்கீயால வந்து, பசி எண்டு வரிசையா நிப்பினம். அவை போற கிழமைதான் எனக்கு வீடு வெறுமையாக் கிடைக்கிறது. இவ்வளவு காலமும் அம்மாள் காப்பாத்தினவ. நீங்கள் எல்லாற்ற முன்னாலயும் அவவைக் கலைச்சுப்போட்டியள்."

எனக்குச் சிரிப்பும் வெட்கமும் சேர்ந்து வந்தன. அப்போது என்மேல் உனக்குக் கோபமே இருக்கவில்லையா என்று கேட்டேன். அந்த இடத்தில் அவள் குரல் மாறியது.

"அப்பிடி நான் சொல்லேல்லை. என்ர சட்டையைப் போட்டுக்கொண்டு நீங்கள் படலையால போனதை யன்னலுக்குள்ளால பாத்தனான். மலை பாக்க எனக்கும் ஆசைதான் அண்ணை. சமைக்கத்தான் ஆசையில்லை."

அன்றே குடும்பத்துக் குழுவில் எழுதினேன், அந்தக் கிழமை முழுவதும் சமையல் என் பொறுப்பு என்று. என் மகள் வாய்விட்டுச் சிரித்தாள். மனைவி இருந்தவரை நான் தேத்தண்ணீர்கூடப் போட்டதில்லை. இப்போது பழகுகிறேன். முதல் தாளிப்பிலேயே புகை எச்சரிக்கை மணி அலறி, பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். பருப்பு ஓரளவு வந்துவிட்டது. சோறு குழைகிறது. கமெராவில் காட்டினால் தங்கச்சி, "உந்தச் சோத்தைக் கஞ்சி எண்டு சொல்லிக் குடுங்கோ" என்கிறாள். வீடு புக் பண்ணியாகிவிட்டது. மலையைப் பார்த்த யன்னல் உள்ள அறை அவளுக்கு. காலையில் யாரும் அவள் கதவைத் தட்டக்கூடாது. இரண்டும் அவள் வைத்த நிபந்தனைகள்.

ஸ்காபரோவில் அவளுக்கு ஒரு நல்ல கம்பளிச் சட்டை வாங்கினேன். கை நீளம் போதுமோ என்று படம் அனுப்பிக் கேட்டேன். "கட்டையெண்டாலும் பறவாயில்லை. உங்களுக்கும் அண்டைக்குக் கட்டைதானே" என்று பதில் வந்தது. கேலியா, கணக்குத் தீர்ப்பா என்று எனக்குத் தெரியவில்லை. சட்டையைப் பயணப் பெட்டியில் முதல் பொருளாக வைத்துவிட்டேன்.

ஒன்று மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது. அன்றைக்குப் படலையடியில் நின்று நான் திரும்பிப் பார்த்தேன். அம்மா முக்காலியில் ஏறி நின்று வாசலில் வேப்பிலை கட்டிக்கொண்டிருந்தார். வாய்க்குள் எதையோ பாடினார். தங்கச்சிக்காக அம்மாளிடம் தேவாரம் பாடி மன்றாடுகிறார் என்று நினைத்து, பயந்து, தலையைத் திருப்பிக்கொண்டேன். அந்த மெட்டு இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. அது தேவாரம் அல்ல.