கொடிக்கம்பமும் தூங்குமூஞ்சி மரமும்

குடியரசு தினத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் மும்பையில் எங்கள் செம்பூர் அடுக்குமாடி சொசைட்டியில் ஒரு கூத்து நடந்தது. சிரித்திருக்க வேண்டும்… முடியவில்லை.

செக்ரட்டரி ரமணி தேசியக் கொடியை வாட்ச்மேனிடம் கொடுத்து, ஜெபமணியிடம் இஸ்திரி போட்டு வாங்கி வரச் சொன்னார். வருஷா வருஷம் சொல்வதுதான். வாட்ச்மேன் போன வேகத்திலேயே திரும்பினார். "சாப், உதர் கோயி நஹீ ஹை." அங்கே யாருமில்லையாம்!

எப்படி இருப்பார்? விரட்டியதே நாங்கள்தானே?

ஜெபமணி சாத்தான்குளம் பக்கத்து அம்மா. எங்கள் கேட்டை ஒட்டி இருந்த தூங்குமூஞ்சி மரத்தடியில்தான் அவருடைய மேஜையும் கரிப்பெட்டியும். கொடியேற்றத்துக்கு முதல் நாள் சட்டை, பேன்ட்டையெல்லாம் ஒதுக்கிவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த வெள்ளை விரிப்பின் மேல் கொடியைப் போட்டுத் தேய்ப்பார். அதற்குக் காசு வாங்க மாட்டார். அப்புறம்தான் நாங்கள் உள்ளே பூ வைத்து மடிப்போம்.

போன வருஷம் சொசைட்டிக்கு ஓர் ஆசை வந்தது. செம்பூரிலேயே உயரமான கொடிக்கம்பம் நம்முடையதாக இருக்க வேண்டும்! இடம்? மரம் நின்ற இடம்.

"பின்பக்கம் நடலாமே?" என்று மீட்டிங்கில் எழுந்து கேட்டேன்.

"என்ன சார், நாட்டைவிட மரம் உங்களுக்குப் பெரிசாப் போச்சா?" என்றார் ரமணி. கைதட்டல். இப்போதெல்லாம் எந்த விவாதத்தையும் முடித்துவைக்க இந்த ஒரு கேள்வி போதும். நாடு என்றால் என்ன? மண், தண்ணீர், மரம், மனிதர் எல்லாம் போக மிச்சமிருப்பதா?

மரத்தை வெட்ட அனுமதி கிடைக்காது. ஆகவே, மழைக்கு முன்னால் கிளை கழிக்கிறோம் என்று அனுமதி வாங்கி, மொட்டையடித்தார்கள். மரம் பட்டுப்போனது. பட்ட மரத்தை எடுக்க யார் தடை சொல்வார்கள்? அந்த இடத்தில் கம்பம் எழுந்தது.

மேலே வெயில், கையில் கரி நெருப்பு. ஜெபமணி குடை கட்டிப் பார்த்தார், தாங்கவில்லை. தேவ்நார் பக்கம் ஒரு பாலத்தடிக்குப் போய்விட்டார்.

கொடியை வாங்கிக்கொண்டு நானே ஆட்டோவில் போனேன். பாலத்தடியில் நிழல் உண்டு. ஆனால் லாரிப் புழுதி தேய்த்த துணியிலேயே வந்து படிகிறது. அழுக்காகத் திரும்பி வரும் துணியை யார் மறுபடி கொடுப்பார்கள்? மேஜையில் நாலைந்து சட்டைதான் கிடந்தது.

"வாங்க அண்ணாச்சி" என்றவர், என் கையில் இருந்ததைப் பார்த்தார். கை கழுவினார். வெள்ளை விரிப்பை உதறிப் போட்டார்.

"எங்க மேல கோபமே இல்லையாம்மா?"

"இல்லாம இருக்குமா? நல்லாவே இருக்கு. இந்த மாசம் வாடகைக்கே திண்டாடுதேன்லா." பெட்டியை ஊதிக் கனலாக்கினார். "ஆனா கொடி என்ன செஞ்சுச்சு, பாவம்? மரத்த வெட்டுனது கொடியா?"

காசு நீட்டினேன். தள்ளிவிட்டார்.

"நாளைக்கு பிள்ளைங்கள எங்க நிறுத்துவீங்க? வெயிலா இருக்குமே" என்றார்.

மறுநாள் கொடி ஏறியது. பூ உதிர்ந்தது. 'பசுமை பாரதம்' என்று ரமணி நீளமாகப் பேசினார். ஜனவரிதான், ஆனாலும் வெயில் சுள்ளென்று அடித்தது. குழந்தைகள் நெளிந்தார்கள். பிறகு ஒருத்தி நகர்ந்து கம்பத்தின் நிழலில் நின்றாள். அவள் பின்னால் இன்னொருத்தி, இன்னொருவன்… அந்த ஒல்லிக் கோட்டு நிழலில் வரிசையாக நின்றுவிட்டார்கள். ரமணியும் பார்த்தார். பேச்சைச் சட்டென்று முடித்துக்கொண்டார்.

மேடையிலிருந்து இறங்கியவரிடம், "ஜெபமணிக்கு கார் பார்க்கிங் நிழலில் ஒரு மேஜை போட இடம் கொடுங்கள்" என்றேன்.

"அடுத்த மீட்டிங்ல பாக்கலாம் சார்."

அண்ணாந்து பார்த்தேன். செம்பூரிலேயே உயரமான கொடி, ஒரு சுருக்கம்கூட இல்லாமல் பறந்துகொண்டிருந்தது.

அதைத் தேய்த்தவருக்குத்தான் இங்கே நிற்க இடமில்லை.